புத்தகம் ரோமுக்கு, கதைகள் ரப்பர்த் தோட்டத்துக்கு

1521ஆம் ஆண்டு பம்ப்லோனாக் கோட்டைச் சண்டையில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் நொறுங்கிய இன்னாசியார், லொயோலாவில் தம் குடும்ப வீட்டில் மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தார். பொழுது போவதற்கு வீரசாகசக் கதை ஏதாவது கொண்டுவரச் சொன்னார். அப்படி ஒன்றும் அந்த வீட்டில் இல்லை. இருந்தவை இரண்டே: கிறிஸ்துவின் வாழ்க்கை வரலாறு ஒன்று, 'ஃப்ளோஸ் சாங்தோரும்' என்ற புனிதர் கதைத் திரட்டு ஒன்று. வேறு வழியில்லாமல் படிக்கத் தொடங்கியவர், எழுந்து நடந்தபோது போர்வீரராக இல்லை. 1540இல் திருத்தந்தையின் ஒப்புதல் பெற்ற அவருடைய இயேசு சபை, ஆட்களைக் கடல் கடந்து அனுப்பியது. அவர்களில் ஒருவர் முத்துக்குளித்துறைக்கு வந்து, அதே பெயருள்ள புத்தகத்தைத் தமிழில் எழுதி அச்சேற்றினார்.

அந்தத் தமிழ்ப் புத்தகம் எழுதப்பட்ட கரையில் நிலைக்கவில்லை. அதன் படி ரோமாபுரியில் வத்திக்கான் நூலகத்தில் போய் அடங்கியது. அதில் உள்ளவை போன்ற கதைகளோ தமிழர் வாயோடு கப்பலேறி, மலாயாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்கள்வரை வந்தன. அந்தப் புத்தகத்தைக் கண்டெடுத்தவரும் இந்தக் கதைகளும் 1960களில் ஒன்றுக்கொன்று அறுபது எழுபது கிலோமீட்டர் தூரத்துக்குள் நெருங்கின. நெருங்கியும் சந்தித்துக்கொள்ளவில்லை.

பிறந்த வீடு

இந்தத் திரட்டுகளுக்கெல்லாம் மூலவேர் இத்தாலியில் இருக்கிறது. பின்னாளில் ஜெனோவா நகரின் பேராயரான யாக்கோப்பு வோராஜினே என்ற தோமினிக்கன் துறவி, 1260 வாக்கில் லத்தீனில் ஒரு தொகுப்பைச் செய்தார். 'லெஜெந்தா ஆவ்ரியா' என்று அதற்குப் பெயர் நிலைத்தது. ஆண்டின் திருநாள் வரிசையில் வேதசாட்சிகள், கன்னியர், வனத்துறவிகள், ஆயர்கள் என்று ஒவ்வொருவர் கதையையும் அவர் அடுக்கினார். பிரசங்கம் செய்யும் சாமியாருக்குக் கைக்கு உதவும் புத்தகமாக எழுந்தது. படிப்பறியாத மக்களும் அதைக் கேட்டே அறிந்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கையெழுத்துப் படிகள் இன்றும் எஞ்சியிருக்கின்றன என்றால் அதன் செல்வாக்கைப் புரிந்துகொள்ளலாம். ஸ்பெயினிலும் போர்ச்சுக்கலிலும் அது கூட்டியும் குறைத்தும் 'ஃப்ளோஸ் சாங்தோரும்' என்ற பெயரில் பல வடிவங்களில் உலவியது.

அந்தத் தொகுப்பில் உள்ள கதைகளைப் பார்த்தால், ஊர் ஊராகச் சுற்றும் வழக்கம் அவற்றுக்குப் புதிதல்ல என்று தெரியும். யோசபாத்து என்ற இந்திய அரசகுமாரனின் கதை அதில் இருக்கிறது. மகன் துறவியாகிவிடுவான் என்று சோதிடர் சொல்ல, துன்பமே கண்ணில் படாதபடி தகப்பன் அவனை அரண்மனைக்குள் அடைத்து வளர்க்கிறான். வெளியே வந்தவன் நோயாளியையும் முதியவனையும் கண்டு மனம் மாறுகிறான். பர்லாம் என்ற துறவி அவனுக்கு ஞானம் புகட்டுகிறார். புத்தர் கதைதான் அது. அரபு, ஜார்ஜியம், கிரேக்கம், லத்தீன் என்று மொழி மொழியாகக் கைமாறி, புத்தர் கத்தோலிக்கப் புனிதராகி, நவம்பர் 27 அவருக்குத் திருநாளாகவும் குறிக்கப்பட்டது. கோவாவில் வாழ்ந்த போர்ச்சுக்கீசிய வரலாற்றாசிரியர் தியோகோ தோ கோத்தோ இந்த ஒற்றுமையை 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே கவனித்து எழுதிவிட்டார்.

இன்னொன்று எஸ்தாக்கியார் கதை. வேட்டைக்குப் போன ரோமானியத் தளபதி மானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் காண்கிறார். ஞானஸ்நானம் பெற்ற பிறகு சொத்து போகிறது, வேலையாட்கள் கொள்ளைநோயில் மடிகிறார்கள். மனைவி மக்களோடு கப்பலேறுகிறார். இறங்கும்போது கொடுக்கக் கூலி இல்லை. கூலிக்கு ஈடாக மனைவியைப் பிடித்து வைத்துக்கொள்கிறான் கப்பல்காரன். இரண்டு பிள்ளைகளோடு ஆற்றைக் கடக்கும்போது ஒன்றைச் சிங்கமும் ஒன்றை ஓநாயும் கவ்விக்கொண்டு போகின்றன. பல ஆண்டு கழித்துக் குடும்பம் ஒன்றுசேர்வதும், சேர்ந்த கையோடு வெண்கலக் காளைக்குள் அடைக்கப்பட்டு வேதசாட்சியாக மடிவதும் மீதிக் கதை. பயணக் கூலியே கடனாகி ஆளைப் பிடித்து வைக்கும் அந்த இடம், பின்னாளில் கடல் தாண்டிய தமிழருக்கு விளக்கம் தேவைப்படாத இடம்.

முத்துக்குளித்துறையில்

1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் முத்துக்குளித்துறைப் பரதவர் ஊர் ஊராக ஞானஸ்நானம் பெற்றனர். 1542இல் பிரான்சிஸ் சவேரியார் வந்தார். அவர் மலாக்காவுக்குப் புறப்பட்டுப் போன பிறகு, 1547இல் வந்து சேர்ந்தவர் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். நம்மவர் அவரை அண்டிரிக் அடிகளார் என்பார்கள். 1520இல் போர்ச்சுக்கல் நாட்டு வில விசோசாவில் பிறந்தவர். யூத வழிக் குடும்பம் என்பதால் பிரான்சிஸ்கன் சபையில் இடம் நிலைக்கவில்லை. இயேசு சபை சேர்த்துக்கொண்டது. மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் மக்களோடு பேசவேண்டும் என்பது அவர் பிடிவாதம். தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்ற 16 பக்க நூலை அச்சிட்டார். அடுத்த ஆண்டு கொச்சியில் 'கிரிசித்தியானி வணக்கம்'. இந்திய மொழி ஒன்றின் எழுத்தில் இந்தியாவில் முதலில் அச்சானவை இவை. அச்சுச் செலவுக்குக் கடற்கரை மக்கள் தம் கையிலிருந்து பணம் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த வரிசையில் 1586இல் வந்ததுதான் 'ஃப்ளோஸ் சாங்தோரும்', தமிழில் 'அடியார் வரலாறு'. புன்னைக்காயலில் அச்சானது என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அறுநூறு பக்கங்களைத் தாண்டும் நூல். முன்பு வந்தவை வணக்க நூல்கள், இது கதை நூல். செபத்தை மனப்பாடம் செய்துவிட்டவர்களுக்கு அடுத்துக் கொடுக்க வேண்டியது கதைதான் என்பதை நாற்பது ஆண்டு அவர்களோடு வாழ்ந்தவர் அறிந்திருந்தார்.

அந்தப் பக்கங்களை இன்று புரட்டும் தமிழர் முதலில் திணறுவார். மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எகர ஒகரங்களில் குறிலும் நெடிலும் ஒரே உருவம். ஓலையில் எழுதும் வழக்கம் அப்படியே ஈயத்தில் இறங்கியிருக்கிறது. சொற்களோ கடற்கரைப் பேச்சுக்கு நெருங்கியவை. நடுநடுவே போர்ச்சுக்கீசியச் சொற்கள் தமிழ் எழுத்தில் உட்கார்ந்திருக்கும். கண்ணால் படிக்கத் தடுமாறுபவர் வாய்விட்டுப் படித்தால் சட்டென்று பொருள் பிடிபடும். ஒருவர் படிக்க ஊரே கேட்ட காலத்து நூல் அது.

1600 பிப்ரவரியில் அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் இறந்தார். 1658இல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போனது. கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். உப்புக்காற்றும் செல்லும் மிச்சக் காகிதத்தைப் பார்த்துக்கொண்டன. மறு அச்சு இல்லை. தமிழில் முதன்முதலாக அச்சான புனிதர் கதைத் தொகுப்பு, தமிழ்க் கரையில் யார் கையிலும் இல்லாத புத்தகமாயிற்று.

காகிதம் போனது, பாட்டு நின்றது

காகிதம் போனதோடு கதை போய்விடவில்லை. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கித்தேரியம்மாளைப் பற்றி அம்மானை பாடினார். கித்தேரி, ஐபீரியக் கரையில் பெரிதும் வணங்கப்பட்ட பழைய கன்னி வேதசாட்சி. ஒரே சூலில் பிறந்த ஒன்பது சகோதரிகளில் ஒருத்தி என்பது மரபு. அம்மானை பெண்கள் பாட்டு என்பதால் அவர்கள் வாயில் அந்தக் கதை ஏறியது, பிள்ளைகளுக்குப் பெயராகவும் ஆனது. மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் கத்தோலிக்கக் கூத்து வளர்ந்தது. எஸ்தாக்கியார், செபஸ்தியார், அந்தோணியார் கதைகள் விடியவிடிய ஆடப்பட்டன. தமிழ்நாட்டில் 'ஞானசௌந்தரி' என்ற கத்தோலிக்கக் கதை மேடையிலிருந்து 1948இல் சினிமாவுக்கே போனது, அதுவும் ஒரே ஆண்டில் இரண்டு படமாக.

இவற்றில் எதற்கும் அண்டிரிக் அடிகளாரின் நூல் நேர் மூலம் என்று சொல்லிவிட முடியாது. பிறகு வந்த குருக்களும் புலவர்களும் வேறு மூலங்களிலிருந்தும் எடுத்தார்கள். ஆனால் வெளிநாட்டுப் புனிதரின் கதையைத் தமிழ்க் கதையாகச் சொல்லலாம் என்ற துணிவை முதலில் அச்சில் காட்டியவர் அவர்தான். அதற்குப் பிறகு புத்தகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கதைக்கு வழி தெரிந்துவிட்டது.

கங்காணியோடு வந்த புனிதர்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் நெகிரி செம்பிலானில் காப்பி விழுந்து ரப்பர் எழுந்தது. ரந்தாவ், லிங்கி, சிலியாவ், லாபு, போர்ட்டிக்சன், பிறகு உள்ளே பகாவ், கெமஞ்சே என்று காடு வெட்டித் தோட்டம் போட்டார்கள். ஆள் சேர்க்கக் கங்காணி ஊருக்கு அனுப்பப்பட்டார். அவர் தெரியாத ஊருக்கா போவார்? தம் ஊருக்கும் சொந்தக்காரர் ஊருக்கும்தான் போனார். அதனால் தோட்டத்தில் இறங்கியவர்கள் பலநேரம் ஒரே வட்டாரத்து மனிதர்களாக இருந்தார்கள். ஊரோடு ஊரின் சாமியும் வந்தது. மாரியம்மனும் முனியாண்டியும் வந்த அதே கப்பலில், எண்ணிக்கையில் சிறியவர்களான வேதக்காரக் குடும்பங்களின் துணிமூட்டையில் செபமாலையும் அந்தோணியார் படமும் வந்தன. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களுக்கு வேளாங்கண்ணி கூப்பிடு தூரம். கும்பிட்டுவிட்டு ஏறியவர்கள் உண்டு. 1938இல் இந்திய அரசு இந்த ஆள்சேர்ப்பை நிறுத்தும்வரை இப்படி ஊர்கள் துண்டு துண்டாக வந்து இறங்கிக்கொண்டே இருந்தன.

மலாயாவின் கத்தோலிக்கப் பணியைப் பெரும்பாலும் பார்த்தவர்கள் பாரிஸ் மறைபரப்பு சபைக் குருக்கள். புதுச்சேரியிலும் அதே சபைதான். அதனால் தமிழ் கற்ற பிரெஞ்சுச் சாமியார்களும், புதுச்சேரி மாதாகோயில் அச்சுக்கூடத்துத் தமிழ்ச் செபப் புத்தகங்களும் இங்கே வர வழி இருந்தது. ஆனால் பட்டணத்துக் கோயிலிலிருந்து தோட்டத்துக்குச் சாமியார் எப்போதோ ஒருமுறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் உபதேசியார் பாடு. அவரும் இல்லாத தோட்டத்தில் எழுத்துக் கூட்டத் தெரிந்த யாரோ ஒருவர் மன்றாட்டு மாலையைச் சொல்ல, மற்றவர்கள் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று முடிப்பார்கள். மன்றாட்டு மாலை என்பதே சுருங்கிய புனிதர் வரலாறுதான். பெயருக்கு ஒரு வரி. கதை கேட்பவர் மனத்தில்.

எல்லாப் புனிதரும் தோட்டத்தில் வேரூன்றவில்லை. வேலைக்கு ஆகிறவர்களே நின்றார்கள். முதலில் செபஸ்தியார். டயோக்ளீசியன் மன்னன் காலத்து ரோமானியப் படைத்தலைவர். கம்பத்தில் கட்டி அம்பெய்தார்கள். செத்துவிட்டார் என்று விட்டுப்போன பிறகு ஐரீன் என்ற கைம்பெண் எடுத்துப்போய்க் காயம் ஆற்றினாள். ஆறியதும் ஓடி ஒளியாமல் மன்னன் எதிரிலேயே போய் நின்றார். இந்த முறை தடியால் அடித்தே கொன்றார்கள். கொள்ளைநோயை வானத்திலிருந்து விழும் அம்பாகக் கருதிய ஐரோப்பா, அம்பு பட்டும் பிழைத்தவரைக் காவலாக்கிக்கொண்டது. 680இல் பாவியா நகரத்துக் கொள்ளைநோய் அவருக்குப் பீடம் எழுப்பியதும் ஓய்ந்தது என்பது வோராஜினே திரும்பச் சொல்லும் செய்தி. தமிழ் ஊர்களில் அவர் அம்மைக்கும் காலராவுக்கும் காவல். மலேரியாவில் ஆள் ஆளாக விழுந்த தொடக்ககாலத் தோட்டங்களில் அவருக்கு வேலை தேடவேண்டிய தேவையே இருக்கவில்லை. மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்ட வீட்டுக்கும் செபஸ்தியாருக்கு வேண்டிக்கொண்ட வீட்டுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான் இருந்தது.

அடுத்தவர் அந்தோணியார். 1195இல் லிஸ்பனில் பிறந்து, 1231 ஜூன் 13இல் பதுவை அருகே இறந்தவர். ஓராண்டு முடியுமுன்பே, 1232 மே 30இல், அவரைப் புனிதராக்கிவிட்டார்கள். ரிமினி நகரத்தார் பிரசங்கம் கேட்க மறுத்தபோது மீன்கள் தலை நீட்டிக் கேட்டன என்ற கதை கடற்கரைக்குப் பிடித்தது. அவருடைய சங்கீதப் புத்தகத்தைத் திருடிக்கொண்டு ஓடிய இளந்துறவி பயந்துபோய்த் திருப்பிக் கொடுத்த கதையிலிருந்து, தொலைந்ததைத் தேடித் தருபவர் என்ற பெயர் வந்தது. தோட்டத்தில் தொலைவதற்கு என்ன குறைச்சல்? ஊரோடு கடிதப் போக்குவரத்துத் தொலையும், சொன்ன சம்பளம் தொலையும், வேறு தோட்டத்துக்கு மாறிய அண்ணன் தொலைவார். அந்தோணியாரை அடக்கம் செய்தது செவ்வாய்க்கிழமை என்பதால் செவ்வாய் அவர் நாள். நம்மவருக்கு முருகனுக்கும் அம்மனுக்கும் உகந்த அந்த நாள் அந்தோணியாருக்கும் ஒத்துப்போனது. கோலாலம்பூர் புடுவில் தமிழ்க் கத்தோலிக்கருக்காக 1910இல் எழுந்த ஆலயமும் அவர் பெயரில்தான்.

தோட்டத்துத் திருநாள் எப்படி நடக்கும்? விடியலில் பெரட்டு என்ற ஆள்கணக்குக்கு நின்று, ரப்பர் பால் வெட்டி, மங்குகளைத் துடைத்து, ஸ்டோரில் பால் அளந்து கொடுத்துவிட்டு வந்தவர்கள்தான் பொழுது சாயச் சப்பரம் கட்டுவார்கள். மூங்கில், வண்ணத்தாள், தென்னங்குருத்து. மேலே ஓரடி உயரச் சுரூபம். பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு ஒரு பையன் முன்னே போவான். லயத்து முனையில் சப்பரம் நிற்கும்போது நேர்ச்சைக்காரர்கள் உப்பும் மிளகும் கொண்டுவந்து வைப்பார்கள். பிள்ளை வரம் கேட்டவர் சின்னத் தொட்டிலைக் கட்டுவார். வேதக்காரர் ஏழெட்டு வீடு, கூட்டம் தோட்டம் முழுவதும். தோட்டக் கணக்கரான கிராணி வீட்டிலிருந்து பணம் வரும், முனியாண்டி கோயில் பூசாரி மாலை வாங்கித் தருவார். அசனச் சோற்றில் யார் எந்தச் சாமி என்ற பேச்சே எழாது.

வரைபடத்தில் வந்த புனிதர்

இதே தோட்டங்களுக்கு வேறு வழியாக வந்த புனிதர்களும் உண்டு. பகாவ் வட்டாரத்தில் செயின்ட் ஹீலியர் தோட்டம், போர்ட்டிக்சன் வட்டாரத்தில் செயின்ட் லியோனார்ட் தோட்டம். இரண்டின் பெயரிலும் தமிழ்ப் பள்ளிகள் உண்டாயின. துரைமார் சூட்டிய பெயர்கள் இவை.

ஹீலியர் ஆறாம் நூற்றாண்டு வனத்துறவி. பிரான்சுக் கரைக்கு அருகிலுள்ள ஜெர்சித் தீவில், அலை ஏறினால் துண்டுபட்டுப்போகும் ஒரு பாறைமேல் குகைபோன்ற இடத்தில் தவமிருந்தவர். கடற்கொள்ளையர் வந்தால் மேலேயிருந்து கண்டு கரைக்குச் சைகை காட்டுவாராம். 555இல் அதே கொள்ளையர் கோடரியால் அவர் தலையை வெட்டினார்கள். விழுந்த தலையைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் கரைவரை நடந்தார் என்கிறது மரபு. ஜெர்சியின் தலைநகருக்கு இன்றும் அவர் பெயர். ஊர்ச் சின்னத்தில் இரண்டு கோடரிகள். ஜூலை 16ஐ ஒட்டி, கடல் வற்றும் நேரம் பார்த்து அந்தப் பாறைக்கு மக்கள் நடந்து போகிறார்கள். அரிகண்டச் சிற்பங்களும் தலை கொடுத்தவர் கதைகளும் பழகிய தமிழருக்கு இந்தக் கதையைச் சொல்லியிருந்தால் ஒரே இரவில் பிடித்துக்கொண்டிருப்பார்கள். சொல்லத்தான் ஆள் இல்லை. பெயர் பலகையில் இருந்தது. கதை ஜெர்சியிலேயே நின்றுவிட்டது.

லியோனார்ட் கதை இன்னும் உறைக்கும். வோராஜினேயின் தொகுப்பில் இடம் பெற்றவர். பிராங்கியர் அரசவையோடு உறவுள்ள குடும்பத்தில் பிறந்து, பதவி வேண்டாமென்று காட்டில் வாழ்ந்தவர். கைதிகளின் காவலர். சிறையிலிருந்து அவரைக் கூப்பிட்டவருக்கு விலங்கு தெறித்தது என்றும், விடுபட்டவர்கள் அந்தச் சங்கிலிகளைச் சுமந்து வந்து அவர் காலடியில் போட்டார்கள் என்றும் கதை. முன்பணக் கடனில் கட்டுண்ட கூலிகளின் நாட்டில் இப்படிப்பட்டவர் பெயரில் ஒரு தோட்டம். ஜப்பானியர் காலத்தில் நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்தும் தமிழர்களைச் சயாம் மரண ரயில்பாதைக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். அவர்கள் வாயில் வந்திருக்கக்கூடிய பெயர்கள் மாரியாத்தா, முனியாண்டி, அந்தோணியார். லியோனார்ட்டைக் கூப்பிட அவர்களுக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை.

பகாவ் அதே போர்க்காலத்தில் இன்னொரு துயரத்தையும் கண்டது. சிங்கப்பூரில் உணவுத் தட்டுப்பாடு வர, 1943 இறுதியிலிருந்து அங்கிருந்த யூரேசிய, சீனக் கத்தோலிக்கர்களைக் காடு திருத்திப் பயிர் செய்யச் சொல்லிப் பகாவுக்கு அனுப்பினார்கள். மலாக்கா மறைமாவட்ட ஆயர் அட்ரியன் தெவால்ஸ் அவர்களோடு போனார். மண்வெட்டியால் காலில் பட்ட காயம் தனுர்வாதமாகி, 1945 ஜனவரியில் இறந்தார். மலேரியாவும் பட்டினியும் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோயின. பகாவ் மண்ணில் பலகைப் பெயராக மட்டும் வந்த புனிதரும் உண்டு, மக்களோடு வந்து மண்வெட்டி பிடித்துச் செத்த ஆயரும் உண்டு.

புத்தகம் திரும்பிய பாதை

இனி புத்தகத்துக்கு வருவோம். 1930களில் ரோமில் குருத்துவப் படிப்புப் படித்த ஓர் ஈழத்து இளைஞர், மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜ் நகரின் ஆயரும் வேதசாட்சியுமான புனித சிப்ரியானின் காலத்துக் குருக்களைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு எழுதினார். சேவியர் தனிநாயகம் அடிகள். அப்போது அவருக்குத் தமிழ் இலக்கியப் பயிற்சி குறைவு. 1940இல் திருநெல்வேலிப் பக்கம் வடக்கன்குளத்துப் பள்ளியில் ஆசிரியரான பிறகுதான் முறையாகத் தமிழ் கற்றார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1948இல் தூத்துக்குடியில் தமிழ் இலக்கியக் கழகத்தைத் தொடங்கினார். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில இதழை நடத்தத் தொடங்கினார்.

1950களில் ஐரோப்பிய நூலகங்களில் பழைய தமிழ் அச்சு நூல்களைத் தேடிப்போனவர், லிஸ்பனில் 1554இல் ரோமன் எழுத்தில் அச்சான தமிழ்ச் செப நூலையும், வத்திக்கானில் 'அடியார் வரலாற்றை'யும் கண்டு உலகுக்குச் சொன்னார். முதல் தமிழ் அச்சு நூல்கள் பற்றிய அவருடைய கட்டுரை 1958இல் அதே இதழில் வந்தது.

1961இல் அவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்தியவியல் துறைப் பேராசிரியராகக் கோலாலம்பூர் வந்தார். 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை அங்கே கூட்டினார். அதே ஆண்டு, 1679இல் அச்சான புரோயென்சாவின் தமிழ் – போர்ச்சுக்கீசிய அகராதியை அந்தத் துறை மறுபதிப்பாக வெளியிட்டது. அதுவும் ரோமில் கிடந்து மீண்டதே. மறு ஆண்டு, 1967இல், இயேசு சபைத் தமிழறிஞர் ச. இராசமாணிக்கம் பதிப்பித்த 'அடியார் வரலாறு' தூத்துக்குடியில் வெளிவந்தது. வெளியிட்டது தனிநாயகம் அடிகள் தொடங்கிய தமிழ் இலக்கியக் கழகம். புன்னைக்காயலுக்குப் பக்கத்து ஊருக்கு 381 ஆண்டு கழித்துப் புத்தகம் வந்து சேர்ந்தது.

அதைக் கண்டெடுத்தவர் கோலாலம்பூரில் இருந்தார். அங்கிருந்து சிரம்பான் ஒரு மணி நேரப் பயணம். சிரம்பானைச் சுற்றிய தோட்டங்களில் அதே ஆண்டில் அந்தோணியாருக்குச் சப்பரம் கட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் மாநாட்டின் ஆய்வுலகமும் தோட்டத்தின் வாய்மொழியும் ஒன்றையொன்று தேடிப் போகவில்லை. அடிகளாரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. அச்சு நூலைத் தேடிப் பிடிப்பதே அவர் தலைமுறைக்கு மலையளவு வேலை. குறை அதற்குப் பிறகு வந்தவர்களுடையது. புத்தகத்தைப் பதிப்பித்தோம், போற்றினோம், முதல் அச்சு என்று பெருமைப்பட்டோம். அந்தப் புத்தகம் யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களைப் போன்ற மனிதர்கள் அதன் கதைகளை என்ன செய்தார்கள் என்று கேட்கவில்லை.

கேட்கவேண்டிய கேள்விகள்

கதை எப்படிப் பயணம் செய்கிறது என்பதற்கு இந்த நாலு நூற்றாண்டு தெளிவான கணக்கு வைத்திருக்கிறது. ராஜ்யம் இருந்தும், நிலம் இருந்தும், வரைபடத்தில் பெயர் எழுதும் கை இருந்தும் ஹீலியரையும் லியோனார்ட்டையும் துரைமாரால் தோட்டத்தில் குடிவைக்க முடியவில்லை. காகிதம்கூட இல்லாத கூலிகள் செபஸ்தியாரையும் அந்தோணியாரையும் குடிவைத்தார்கள். கதை தேவைப்பட்டவர்கள் சுமந்தார்கள். தேவைப்படாத கதை பெயராக நின்றுவிட்டது. இன்னாசியார் கையில் அந்தப் புத்தகம் வேலை செய்ததும் அவர் படுக்கையில் கிடந்தபோதுதான்.

இப்போது தோட்டங்களே கரைந்துகொண்டிருக்கின்றன. ரப்பர் செம்பனையாயிற்று, செம்பனை வீடமைப்புத் திட்டமாயிற்று. லயங்கள் இடிபட, மக்கள் சிரம்பானுக்கும் நீலாய்க்கும் குடிபெயர்ந்தார்கள். பட்டணத்துப் பங்குகளில் தமிழ்ப் பூசை இருக்கிறது, அந்தோணியார் நவநாளும் இருக்கிறது. தோட்டத்துச் சுரூபங்களில் சில யாரோ ஒருவர் வீட்டு மாடத்தில் இருக்கும். சில எங்கே என்று கேட்டால் பதில் கிடைக்காது. எந்தத் தோட்டத்துக்கு எந்தக் குடும்பம் எந்தப் புனிதரைக் கொண்டுவந்தது, எந்த நோய்க்குப் பிறகு எந்த நேர்ச்சை தொடங்கியது, உபதேசியார் இல்லாத நாளில் மன்றாட்டு மாலை சொன்ன பெண் யார் என்பதெல்லாம் தெரிந்தவர்களுக்கு இப்போது எண்பது வயது.

அவர்கள் சொல்வதை எழுதி வைத்தால் அதுவும் ஓர் அடியார் வரலாறுதான், புனிதரைச் சுமந்தவர்களின் வரலாறு. இதற்குப் பேராசிரியர் வேண்டாம், வத்திக்கான் போக வேண்டாம். ஒவ்வொரு பங்கிலும் நாலு இளைஞர்கள், ஒரு கைபேசி, பெரியவர்கள் வீட்டில் உட்கார்ந்து கேட்கச் சில ஞாயிற்றுக்கிழமைகள் போதும். அண்டிரிக் அடிகளாருக்கு எழுத்து வார்க்க ஆள் வேண்டியிருந்தது, அச்சுக்கூடம் வேண்டியிருந்தது, முத்துக்குளித்தவர்களின் பணம் வேண்டியிருந்தது. நமக்கு இவற்றில் ஒன்றும் வேண்டாம். கேட்கப் போனால் போதும்.